ரூபாய்க்கு இருபத்தைந்து பைசா

செல்லசாமி இறந்தது தனுவச்சபுரத்தில், ஒரு கல்யாண வீட்டில். ஸ்டூலில் ஏறி நின்று டியூப் லைட் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அதே ஸ்டூலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். கல்யாண வீட்டார் நல்ல மனிதர்கள். சொந்த ஜீப்பிலேயே உடலை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் நாள் வாடகைப் பணமும் வந்து சேர்ந்தது. கட்டாமல் விட்ட நாலு டியூப் லைட்டுக்கு உள்ளதை மட்டும் கழித்திருந்தார்கள்.

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் அவருடைய 'விலாசினி சவுண்ட்ஸ்' இருந்தது. பந்தல், நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், பெரிய செம்புகள் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். விலாசினி அவருடைய மகள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் அவள் பெயரை எழுதிவைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், யார் செத்தாலும் அவள் பெயர் போகாத வீடில்லை. அவளுக்குத்தான் கல்யாணம் ஆகவில்லை. அதற்கென்று சேர்த்த பணம் புது ஸ்பீக்கர் செட்டாக மாறி, எல்லா உற்சவத்திலும் பாடிக்கொண்டிருந்தது. அவள் நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், எழுதுகிற ஒருவரின் ஆபீசில் பத்து வருடமாக நகல் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் நிலம் கைமாறுவதை எழுதி எழுதி அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மகன் ஸ்ரீகண்டன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் வந்த பிறகுதான் சிதைக்குத் தீ வைத்தார்கள். தீ பிடித்ததும் அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"எனக்க அப்பன் ஆருக்கெங்கிலும் பைசா குடுக்க உண்டெங்கி என்கிட்ட கேளுங்க. ஒரு சல்லி பாக்கி வைக்க மாட்டேன். செல்லசாமிக்க மகனாக்கும் சொல்லுகது."

கூட்டம் உருகிப்போனது. பெற்றால் இப்படிப் பிள்ளை பெற வேண்டும் என்றார்கள். சிலர் உருகியதோடு நிற்காமல் அங்கேயே மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆள் வந்தார். பதினோரு மணிக்குள் ஒன்பது பேர். எல்லோரும் செல்லசாமியின் நாற்காலிகளில் அமர்ந்து, சுகுமாரி போட்டுக்கொடுத்த சாயாவைக் குடித்து, செல்லசாமியின் தங்கமான குணத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, தொகையைச் சொன்னார்கள். சுகுமாரி செல்லசாமியின் மனைவி. முந்திய நாள்தான் தாலியைக் கழற்றியிருந்தாள். வருகிறவர்களுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீகண்டன் முதல் மூன்று பேர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதினான். நாலாவதாக வந்த பைனான்ஸ் சதாசிவன் 'ஒண்ணு இருபது' என்றார்.

"நூத்தி இருபதா?"

"லெச்சம், மக்கா. ஒரு லெச்சத்தி இருபதாயிரம்."

ஸ்ரீகண்டன் அதற்குப் பிறகு எழுதவில்லை. அன்று மாலையே மஸ்கட்டிலிருந்து அவனுக்கு அவசர அழைப்பு வந்ததாகத் தெரிந்தது. வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுப் போனும் ஒலிக்கவில்லை. ஆனாலும் அழைப்பு வந்தது. ஆறாம் நாள் அவன் புறப்பட்டுவிட்டான். பதினாறுக்கு நிற்க முடியாத வருத்தத்தில் கண் கலங்கியது. தங்கையின் கையில் ஐயாயிரம் ரூபாயும் ஒரு சென்ட் பாட்டிலும் கொடுத்தான்.

"நீ ஆதாரம் ஆபீசில இருக்கவ. உனக்கு இதொக்க தெரியும். பாத்துக்க."

"நீயல்லியா எல்லாருக்க முன்னையும் ஏத்துக்கிட்டே?"

"அது ஒரு மரியாதைக்கு சொன்னதாக்கும், பிள்ளே."

அவன் ஏறிய டாக்சி ரோட்டில் மறைவதற்குள் பத்தாவது கடன்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

செல்லசாமி உயில் எதுவும் எழுதிவைக்கவில்லை. எழுதும் வழக்கமே அவருக்கு இல்லை. ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பார்; வாடகை பாக்கியை யாரிடமும் கேட்க மாட்டார்; கேட்டால் அவர்கள் முகம் வாடிவிடும் என்பார். யார் எங்கே காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். பூர்த்தி செய்யாத புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டி ஒப்பு மட்டும் வாங்கிவைத்துக்கொள்ளும் சதாசிவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். அந்த ஊரில் கழுத்தறுக்கும் வட்டிக்காரர்களைப் பிளேடு என்பார்கள். சதாசிவனை யாரும் அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை.

பதினாறு முடிந்த மறுநாள் சதாசிவன் ஒரு டஜன் ஆரஞ்சோடு வந்தார். விலாசினி ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு பார்த்துத்தான் வந்தார். ஆனால் அன்று அவளுக்குப் பஸ் தவறிவிட்டது. திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் பேனா இருந்தது.

"இது என்ன பேப்பர், மாமா?"

"ஒண்ணுமில்ல மோளே. பழைய நோட்டு செல்லசாமிக்க பேரில இருக்கு. ஆளு போயாச்சில்லா? அத மாத்தி அம்மைக்க பேரில ஒண்ணு எழுதி வைக்கலாமெண்ணு. வெறும் சடங்காக்கும்."

சுகுமாரி மகளைப் பார்த்துச் சொன்னாள்: "மனுசன் கடன்காரனா போகப்பிடாது மக்கா. போடுகேன். மெல்ல குடுக்கலாம்."

விலாசினி பேனாவை அம்மாவின் கையிலிருந்து வாங்கி மூடினாள். அவள் கோபப்பட்டால் குரல் இறங்கும்.

"அம்மா, இந்த வீடு உனக்க அப்பன் உனக்கு எழுதித் தந்தது. இதில எங்கப்பனுக்கு ஒரு செங்கல்லு கூட இல்ல. அவருக்க கடன அவரு வச்சிட்டுப் போனதுல இருந்து தீக்கணும். அது உள்ள மட்டும் குடுப்போம். அதுக்கு மேல நம்ம கையில இருந்து எடுத்துக் குடுக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்ல. ஆனா நீ இதுல ஒப்பு போட்டா அது அப்பனுக்க கடன் இல்ல, உனக்க கடன். நாளைக்கு இந்த வீட்டுக்கு வந்து நிப்பாரு மாமா. அன்னைக்கு ஆரஞ்சு கொண்டு வர மாட்டாரு."

சதாசிவன் சிரித்தார். "குட்டி கொள்ளாம். படிச்ச குட்டியாக்கும். பின்னே உனக்க அண்ணன் சுடுகாட்டில வச்சு சொன்னது?"

"அண்ணனுக்க அட்ரஸ் எழுதித் தரட்டா?"

அவர் ஆரஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டார். சுகுமாரி அன்று முழுவதும் மகளோடு பேசவில்லை. ஊரில் தலை காட்ட முடியாதபடி செய்துவிட்டாள் என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விலாசினிக்கும் இரவு உறக்கம் வரவில்லை. சட்டம் பேசுவது எளிது; காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வருகிறவன் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். அப்பாவின் மீது அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அதைக் காட்ட அவர் இல்லாததில் கோபம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை ஸ்ரீகண்டன் பக்கத்து வீட்டுப் போனில் அழைத்தான். அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது.

"தாலுக்கா ஆபீசில வாரிசுக்குள்ள அவகாசி சர்ட்டிபிக்கேட் கேட்டு எழுதிக் குடுக்கும்போ எனக்க பேர போடாத, கேட்டியா? எனக்கு அப்பனுக்க சொத்து ஒண்ணும் வேண்டாம்."

"சொத்து வேண்டாமா, கடன் வேண்டாமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"மகனுக்க பேர போடாம ஆருக்க பேர போடட்டு? பாலராமபுரத்தில சாரி நெய்ய ஏதோ ஒருத்தனுக்க பேரா? நீ பேசாம ஒரு காரியம் செய். அப்பனுக்க பேரில உள்ள அந்தக் கொட்டகையும் அது நிக்க நாலு சென்ட் நிலமும் விக்கணும். விக்கதுக்கு எனக்கு அதிகாரம் குடுத்து எம்பசியில ஒப்பு போட்டு ஒரு முக்தியார் அனுப்பு. அனுப்பாட்டி கடன்காரங்க கேசு போடும்போ உனக்க பேரும் சேந்துதான் வரும்."

முக்தியார் பன்னிரண்டு நாளில் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. பெற்றோருக்கு அவன் எழுதும் கடிதங்கள் இத்தனை வேகமாக வந்ததில்லை.

விலாசினி பதினாலு தபால் கார்டு வாங்கி, ஆபீசில் ஆதாரம் எழுதும் அதே கையெழுத்தில் ஒரே விஷயத்தைப் பதினாலு முறை எழுதினாள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, செல்லசாமிக்குக் கடன் கொடுத்தவர்கள் கையிலுள்ள நோட்டு, பில்லோடு கொட்டகைக்கு வரவும். வராதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இத்தனை மதிப்பு இருந்திருக்காது. பதினாலு பேரும் வந்தார்கள். ஒன்பதேமுக்காலுக்கே வந்தார்கள்.

அவள் நாற்காலி போட்டிருந்தாள். மைக் வைக்கவில்லை. எழுந்து நின்று சொன்னாள்.

"அப்பனுக்கு உள்ளது இந்த நாலு சென்டும் கொட்டகையும், இதுக்குள்ள கெடக்க சாமானமும். நிலத்துக்கு தொண்ணூறாயிரம் சொல்லியாச்சு, ஆளு ரெடி. சாமானத்துக்கு முப்பத்தியோராயிரம் கிட்டும். ஆதாரம் பேங்கில பணயத்தில இருக்கு. நாப்பத்தெட்டாயிரம் கட்டினாத்தான் எடுக்க முடியும். அது போக எழுபத்திமூணாயிரம். நீங்க எல்லாரும் சொன்ன தொகைய நான் கூட்டிப் பாத்தேன். ரெண்டு லெச்சத்தி எம்பத்தாறாயிரம்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அப்போ ரூபாய்க்கு இருபத்தஞ்சு பைசா. எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனக்கு இதில ஒரு பைசா வேண்டாம், அம்மைக்கும் வேண்டாம். யாருக்கு எவ்வளவு உண்டெண்ணு நீங்களே பேசி முடிவு செய்யுங்க. ஒருத்தருக்க தொகை கூடினா மத்தவங்களுக்குக் கிட்டுகது குறையும். அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்தாள். பதினாலு பேரும் செல்லசாமியைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் ஒரே எதிரி இருந்தார், அவர் சாம்பலாகிவிட்டார். இப்போது ஒவ்வொருவருக்கும் பதிமூன்று பேர்.

முதலில் வாயைத் திறந்தவர் ஈசாக். பாறசாலையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். அவருடைய தொகை நாற்பத்தைந்தாயிரம்.

"சதாசிவா, உனக்க நோட்ட ஒண்ணு காட்டு, பாப்போம்."

சதாசிவன் காட்டினார். ஈசாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "தொண்ணூத்தி நாலு டிசம்பர் பன்னெண்டு. பாறசாலையில வச்சு ஒப்பிட்டது. கொள்ளாம். வேய், அன்னைக்கு செல்லசாமி பாறசாலையிலயே இல்ல. நானும் அவனும் கோயம்புத்தூருக்கு ஜெனரேட்டர் எடுக்கப் போனதாக்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது. பின்னே உனக்கு ஒப்பு போட்டது ஆரு, அவனுக்க ஆவியா? அன்னைக்கு அவன் சாவக்கூட இல்லியே!"

"சும்மா பேசாதயும். தெளிவு உண்டா?"

"தெளிவா? இன்னா இருக்கு பில்லு. தேதியப் பாரு!"

ஈசாக் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் ஆட்டினார். சதாசிவன் அதைப் பிடித்து வாங்கினார். தேதியைப் பார்த்தார். பிறகு தேதிக்குக் கீழேயும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"மொத்தம் முப்பத்தெட்டாயிரம். செல்லசாமி குடுத்தது இருபது. ஈசாக் குடுத்தது பதினெட்டு. பதினெட்டு எப்ப நாப்பத்தஞ்சு ஆச்சு, ஈசாக்கே? ஜெனரேட்டர் குட்டி போட்டுதா?"

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. ஈசாக் பில்லைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அது அதற்குள் நாலு கை மாறியிருந்தது.

அப்போதுதான் சுகுமாரி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அவளை யாரும் அழைக்கவில்லை. சாயா கொண்டுவந்தவள் கெட்டிலை இறக்காமலேயே பேசினாள்.

"ஜெனரேட்டருக்கெண்ணு இருபது, ஓணத்துக்குப் பத்து. சதாசிவன் குடுத்தது முப்பதாயிரம். ரெண்டு தடவையும் நான்தான் சாயா குடுத்தேன். ரெண்டாவது தடவை பால் திரிஞ்சு போச்செண்ணு கட்டஞ்சாயா குடுத்தேன். இல்லியா, சதாசிவா?"

சதாசிவனுக்குக் கட்டஞ்சாயா நினைவுக்கு வந்தது. தேதி தவறிப் போயிருக்கலாம் என்றார்.

"தொகையும் தவறிப் போயிருக்குமா, மாமா?" என்றாள் விலாசினி.

ரொம்ப நேரம் இழுபறிக்குப் பின், வட்டியோடு சேர்த்து நாற்பதாயிரம் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். பதினாலு பேரில் அத்தனை வட்டி கூடாது என்று மிக உரக்க வாதாடியவர் ஈசாக். ஈசாக்குக்குப் பதினெட்டுக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது என்று சத்தியம் செய்தவர் சதாசிவன்.

பிறகு இருவரும் சமாதானமாகி, ஒன்றாக உண்ணியின் பக்கம் திரும்பினார்கள். உண்ணி வாசகசாலையின் செயலாளர். செல்லசாமிக்குக் கையோடு இருபதாயிரம் கொடுத்ததாகச் சொல்லியிருந்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, நட்பு மட்டுமே இருந்தது.

"பஸ்சுக்கு என்கிட்ட சில்லறை கேக்க நீ, இருபதாயிரம் எங்கேருந்து எடுத்தே?" என்றார் ஈசாக்.

விலாசினி அப்பாவின் ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினாள். "வாசகசாலை ஆண்டுவிழா. மைக் செட், இருநூறு நாற்காலி. ஆயிரத்தி நானூறு பாக்கி. அண்ணோ, இது எழுத்து உண்டு. உங்க ஒப்பும் உண்டு."

உண்ணிக்கு அப்போது ஒரு மீட்டிங் இருந்தது நினைவுக்கு வந்தது. அவர் போனதும் இன்னும் இரண்டு பேர் மீட்டிங் இல்லாமலேயே போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒருவர் தொகையை ஒருவர் வெட்டிக் குறைத்தார்கள்.

கடைசி வரிசையில் லில்லிக்குட்டி உட்கார்ந்திருந்தாள். பொழியூர்க் கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து விற்பவள். சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்தாள்.

"அறுநூத்தி நாப்பது ரூவா மீன் பைசா. எழுத்து ஒண்ணும் இல்ல. எனக்க மோனுக்கு சர்ச்சில ஆதிகுர்பானைச் சடங்குக்கு நாற்காலி எடுத்தேன். அதுக்கு நூத்தி இருபது நான் குடுக்கல்ல. அத கழிச்சிட்டு எழுது, மோளே."

யாரும் தெளிவு கேட்கவில்லை. பில் கேட்கவில்லை. சதாசிவன்கூட வேட்டியைச் சரிசெய்துகொண்டார். விலாசினி ஐந்நூற்று இருபது என்று எழுதினாள்.

சாயா ஆறிப்போன நேரத்தில் மொத்தம் தொண்ணூற்றோராயிரத்தில் வந்து நின்றது. இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கடனை, கடன் கொடுத்தவர்களே சேர்ந்து இரண்டரை மணி நேரத்தில் அடைத்துவிட்டார்கள். ரூபாய்க்கு எண்பது பைசா கிடைக்கும் என்றாயிற்று. இருபத்தைந்துக்கு வந்தவர்கள் எண்பதோடு போகும்போது விலாசினிக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் நிலத்தின் பதிவு முடிந்தது. விலாசினி ஒவ்வொருவருக்கும் பணத்தைக் கொடுத்து, கணக்கு முழுவதும் தீர்ந்தது என்று முத்திரைத்தாளில் எழுதி ஒப்பு வாங்கினாள். ஈசாக் தனக்குரிய பங்கோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஜெனரேட்டரையே எடுத்துக்கொண்டார். மீதிச் சாமான்கள் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரின் லாரியில் ஏறின. நாற்காலிகளில் இருந்த அவள் பெயரை அழிக்க வேண்டுமா என்று லாரிக்காரர் கேட்டார். பெயிண்ட் செலவு உங்களுக்கு என்றால் அழியுங்கள் என்றாள். அழிக்கவில்லை.

லில்லிக்குட்டி நானூற்றுப் பதினாறு ரூபாயை மூன்று முறை எண்ணிவிட்டு, இனி மீன் ரொக்கத்துக்கு மட்டும்தான் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீகண்டன் அழைத்தான். மஸ்கட்டில் ஊர்க்காரர்கள் சங்கத்தில், தந்தையின் கடனை ஒரு பைசா பாக்கியில்லாமல் தீர்த்த மகன் என்று அவனுக்கு ஒரு பொன்னாடை போட்டார்களாம். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னானாம்.

"பின்னே, எல்லாம் தீந்த பெறகு மிச்சம் வல்லதும் உண்டா? எனக்கும் ஒரு பங்கு உண்டில்லா?"

"உண்டு. ரூபாய்க்கு இருபது பைசா இன்னும் குடுக்காம நிக்குது. அது உனக்க பங்கு. சட்டப்படி யாரும் கேக்க முடியாது. மரியாதைக்கு குடுக்கணுமெண்ணா குடு. எல்லாருக்கும் உனக்க அட்ரஸ் எழுதிக் குடுத்திருக்கேன்."

லைன் கட்டாகிவிட்டது. மஸ்கட் லைன் அடிக்கடி அப்படி ஆகும்.

வீட்டுக்கு வந்தபோது சுகுமாரி மீன் குழம்பு வைத்திருந்தாள், ரொக்கம் கொடுத்து வாங்கிய சாளை. பல நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. ரோட்டில் கடந்துபோன லாரியைத் தவிர வேறு சத்தமில்லை.

"எல்லாம் முடிஞ்சுதா மக்கா?"

"முடிஞ்சுது."

சுகுமாரி கொஞ்ச நேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலேயே சொன்னாள்: "உனக்க அப்பன் இருந்திருந்தா, கடன் தீந்த சந்தோசத்துக்கு ஊரக் கூட்டி ஒரு விருந்து வச்சிருப்பாரு."

"பைசாவுக்கு?"

"அது கடன்தான் வாங்குவாரு."

விலாசினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா இறந்து மூன்று மாதத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சுகுமாரி அவளைத் தேற்றவில்லை. அவள் தட்டில் இன்னும் இரண்டு மீன் வைத்தாள், இடது கையால் முந்தானையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.